பால் சொசைட்டிப் பலகையில் பிலிப்பைன்ஸ்

எங்கள் ஊர் பால் சொசைட்டிச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. பால் ஊற்றும் நேரத்தை எழுதிப்போடுவதற்காக மாட்டியது. காலை ஆறு, மாலை நான்கு. நேரம் ஒருநாளும் மாறாததால் எழுதியதும் ஒருநாளும் மாறவில்லை. அந்த ஒரு வரி போக மீதிப் பலகை முழுக்கச் சும்மா கிடந்தது. எண்பத்தைந்தாம் வருடக் கடைசியில் நானும் சும்மாதான் கிடந்தேன்.

தருமபுரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்து பி.ஏ. வரலாறு முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். காத்திருக்கிறவனுக்கு ஊரில் என்ன வேலை? அப்பாவின் இரண்டு எருமைகளுக்குத் தண்ணீர் காட்டுவது, கறந்த பாலைச் சொசைட்டியில் ஊற்றுவது. பால் வரிசையில் நிற்கும்போது எனக்கு ஒரு வருத்தம் வரும். நாற்பது ஐம்பது பேர் தினமும் ஒரு மணி நேரம் நிற்கிறோம். மாட்டைப் பற்றிப் பேசுகிறோம், மருமகளைப் பற்றிப் பேசுகிறோம். உலகம் எங்கேயோ கொதித்துக்கொண்டிருக்கிறது, எங்களுக்கு அதில் ஒரு துளியும் தெரியவில்லை. படித்தவன் என்று ஒருவன் இருந்து என்ன பிரயோஜனம்?

சொசைட்டி செக்ரட்டரியிடம் போய்ப் பலகையில் செய்தி எழுத அனுமதி கேட்டேன். நல்ல மனிதர், பயந்தவர். நாக்கால் கீழுதட்டைத் தொட்டுத் தொட்டு யோசித்தார்.

“எழுது தம்பி. நடுவுல ஒரு கோடு போட்டுக்க. இந்தப் பக்கம் வெளிநாடு, அந்தப் பக்கம் உள்நாடு. வெளிநாட்டப் பத்தி நீ என்ன வேணும்னாலும் எழுதிக்க, எனக்கு ஆட்சேபண இல்ல. உள்நாட்டு விஷயம் மட்டும் என்னக் கேக்காம எழுதாத.”

“ஏங்க?”

“வெளிநாட்டுக்காரன் யாரும் இங்க வந்து பால் ஊத்தப் போறதில்ல பாரு.”

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் பாலக்கோட்டிலிருந்து வரும் பஸ்ஸில் டீக்கடைக்கு ஒரு செய்தித்தாள் வரும். அதைப் படித்து, வானொலிச் செய்தியையும் சேர்த்து, மதியத்துக்குள் பலகையில் எழுதிவிடுவேன். வெறும் செய்தி மட்டுமல்ல. கடைசியில் ‘நமது கருத்து’ என்று இரண்டு வரியும் இருக்கும். வரிசையில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் நாலு மணிக்கு நானே பலகைக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் படிப்பேன். எனக்கு எங்கள் தெரு மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிக்கிற பழக்கம். அதே குரல்தான் இங்கேயும் வந்தது. முதல் நாள் தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் படித்து முடித்ததும் மாதா தெருப் பெரியவர் ஒருவர், பூசையில் சொல்கிற பழக்க தோஷத்தில், “இறைவா உமக்கு நன்றி” என்று பதில் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற கவுண்டர் வீட்டம்மா, இது என்னவோ சொல்ல வேண்டிய மரியாதை போல இருக்கிறது என்று தானும் அதையே சொன்னார்.

உள்நாட்டுப் பக்கம்தான் பெரும் கஷ்டம். ‘அமைச்சர் ஒகேனக்கல் வந்து அருவியைப் பார்வையிட்டார். அருவியில் தண்ணீர் இல்லை’ என்று எழுதினேன். செக்ரட்டரி வந்து இரண்டாவது வாக்கியத்தை மட்டும் அழித்தார். ‘மாரண்டஹள்ளிக்குப் புதிய அரசுப் பேருந்து விடப்பட்டுள்ளது. அது நம் ஊரில் நிற்பதில்லை.’ இரண்டாவது வாக்கியம் போயிற்று. ‘வறட்சி நிவாரணப் பணிகள் குறித்து அதிகாரிகள் கூட்டம் நடத்தினார்கள். அத்துடன் முடிந்தது.’ இதிலும் அப்படியே. ஒரு மாதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது: உள்நாட்டில் எல்லாம் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடும். இரண்டாவது வாக்கியம் எழுத ஆசைப்படுகிறவன் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும்.

போனேன். மனப்பூர்வமாகச் சொல்கிறேன், ஆரம்பத்தில் நான் வெளிநாட்டைப் பற்றி எழுதியபோது வெளிநாட்டைத்தான் நினைத்தேன்.

இங்கே எங்கள் சொசைட்டித் தலைவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் அதிக நிலம் அவருக்குத்தான். சொசைட்டி வந்த நாளில் அவர் அப்பா தலைவர், அப்பாவுக்குப் பிறகு இவர். நடுவில் தேர்தல் என்று ஒன்று நடந்ததாக ஞாபகம் உள்ளவர்கள் யாரும் இல்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் கேட்டால் கொடுப்பார். ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பால் லாரி வரும். எல்லோர் பாலும் கேனில் ஏறிவிடும். தலைவர் வீட்டுப் பால் மட்டும் வந்திருக்காது. அவர் வீட்டில் மாடு கறக்கிற ஆள் வயல்வேலை முடிந்து, கை கால் கழுவி, டீ குடித்து, அப்புறம்தான் கறக்க உட்காருவான். அதுவரை லாரி நிற்கும். ஐந்தரை, ஐந்தே முக்கால், சில நாள் ஆறு. மாசி பங்குனி வெயிலில் லாரியின் தகரம் காய்ந்து கிடக்க, எங்கள் பால் கேனுக்குள் வெந்துகொண்டிருக்கும். குளிரூட்டும் நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது திரிந்துவிட்டது என்று கேனோடு திருப்பி அனுப்புவார்கள். கடைசியாக ஏறிய தலைவர் வீட்டுக் கேன் மட்டும் நல்ல பாலாகப் போய்ச் சேரும். எல்லோருக்கும் இது தெரியும். யாரும் பேச மாட்டார்கள்.

தை மாதக் கடைசியில் ஹைட்டி என்கிற நாட்டில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். நான் எழுதினேன்: ‘அப்பாவும் அவருக்குப் பின் மகனுமாக அந்த நாட்டை ஆண்டு வந்தனர். மக்கள் பொறுமை இழந்தனர். மகன் குடும்பத்தோடு விமானம் ஏறி ஓடிவிட்டார்.’ படித்து முடித்தேன். வழக்கமாக யாராவது மாட்டைப் பற்றி ஆரம்பிப்பார்கள். அன்றைக்கு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மாதா தெருவில் ஒரு அக்கா உண்டு. புருஷன் ஓசூரில் கம்பெனி வேலை. இங்கே மூன்று மாடு, இரண்டு பிள்ளைகள், ஒரு ஊமைக்கும் பேச்சு வரவழைக்கிற வாய். அந்த அக்காதான் மெதுவாகக் கேட்டது.

“பிளேன்லயா போனாரு?”

“ஆமாங்கக்கா.”

“பெங்களூர் பஸ்ஸுல ஏறுனாருன்னு இல்ல சொன்னாங்க?”

எனக்குப் புரியவில்லை. செக்ரட்டரிக்கு வேர்த்துவிட்டது. தலைவர் அதற்கு முதல் நாள்தான் பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தார்.

“எப்பத் திரும்பி வருவாராம்?” என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

“திரும்பவே மாட்டார், வேறு நாட்டில் அடைக்கலம் கேட்டிருக்கிறார்” என்றேன் நான், செய்தியில் இருந்தபடி. வரிசை மொத்தமும் “ஹோ” என்று மூச்சு விட்டது. மறுநாள் தலைவர் கல்யாணப் பையோடு பஸ்ஸில் இறங்கியபோது, டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்களாம். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். ஒரு நாள் ஊரில் இல்லையென்றால் இவ்வளவு தேடுகிறார்களே என்று.

இதை அக்கா என்னிடம் சிரித்துச் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் பதறிப்போனேன்.

“அக்கா, அது நெசமாவே ஒரு நாடுங்க. கடலுக்கு நடுவுல இருக்குது. மேப்புல காட்டறேன், வாங்க.”

“நீ காட்டுவ, நான் பாத்தேன். எங்களுக்கு என்ன தம்பி, புரியாதா? செக்ரட்டரி அழிக்காம இருக்கறதுக்கு நீ ஒரு பேரு போட்டுக்கற. போடு போடு, நல்லாத்தான் இருக்குது.”

அதற்குள் பிலிப்பைன்ஸ் வந்துவிட்டது. அங்கேயும் ஒருவர் இருபது வருடமாக நாற்காலியில். தேர்தல் நடந்து, இரண்டு தரப்பும் நான்தான் ஜெயித்தேன் என்று சொல்லி, கடைசியில் ஜனங்கள் இலட்சக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இராணுவ டாங்கி வந்தது. கன்னியாஸ்திரிகள் அதன் முன்னால் முட்டி போட்டு ஜெபமாலை சொன்னார்கள். டாங்கி நின்றுவிட்டது. இந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் படித்தேன். எங்கள் பங்குச் சாமியாரும் ஞாயிறு பூசையில் அவர்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார். மாதா தெரு மொத்தமும் பிலிப்பைன்ஸுக்காக வேண்டிக்கொண்டது. யாருக்காக வேண்டிக்கொள்கிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள் என்பது சாமியாருக்குத் தெரியாது.

அந்த அதிபரும் ஓடினார். பின்னாலேயே அவர் மனைவியின் செருப்புச் செய்தி வந்தது. மாளிகையில் அந்தம்மாவின் செருப்பை எண்ணுவதற்கே ஆள் போட்டார்கள் என்று எழுதினேன். எங்கள் ஊரில் குதிகால் உயர்ந்த செருப்புப் போடுகிற ஒரே பெண்மணி தலைவரின் சம்சாரம்.

“எத்தன ஜோடியாம்?” என்றது அக்கா.

“ஆயிரக்கணக்குலங்க.”

“ரெண்டு ஜோடிதான் நான் பாத்துருக்கறேன். மிச்சத்த உள்ள வச்சிருப்பாங்களாட்டம் இருக்குது.”

இதில் பெரிய வேடிக்கை தலைவர்தான். அவரும் பலகையின் வாசகர். சாயங்காலம் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டு, வெளிநாட்டுப் பக்கம் முழுவதையும் படிப்பார். பிலிப்பைன்ஸைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

“இருவது வருசம்! நாற்காலிய வுட்டு எந்திரிக்க மனசு வரல பாரு. வெக்கங்கெட்ட ஜென்மம். நல்லா எழுதுன தம்பி.”

வரிசையில் இருந்த ஐம்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு பெண் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தலைவர் தன் மனதில் பிலிப்பைன்ஸ் அதிபராக வைத்திருந்தது பக்கத்து ஊர்ச் சொசைட்டித் தலைவரை. அவரோடு இவருக்குக் கிணற்று வாய்க்கால் தகராறு.

சரியாக இந்த நேரத்தில் எனக்குத் தபால் வந்தது. இளநிலை உதவியாளராகத் தேர்வாகிவிட்டேன். அரூர் அலுவலகத்தில் இடம். ஆனால் அதற்கு முன் நன்னடத்தை விசாரணை உண்டு. மாரண்டஹள்ளி ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஊருக்கு வந்து, பையன் எப்படி, கெட்ட சகவாசம் உண்டா, அரசியலில் ஈடுபாடு உண்டா என்று ஊர்ப் பெரியவரை விசாரித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். எங்கள் ஊரில் ஊர்ப் பெரியவர் என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அப்பா அந்தத் தபாலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மடித்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தார்.

“கண்ணு, அந்தப் பலகைய வுட்டுரு.”

“நான் அவரைப் பத்தி எழுதலப்பா.”

“எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியல. அவருக்கு எந்நேரம் தெரியுமோ, அந்நேரம் உன் வேல போச்சு. எங்க அப்பன் அவுங்க அப்பன் வயல்ல கூலிக்கு நின்னவன். நான் ரெண்டு எரும வச்சிக்கிட்டு நிமிந்துருக்கறேன். நீ நாற்காலில ஒக்காரப் போற. ஒரு பத்து நாளு வாய மூடிக்கிட்டு இரு சாமி.”

அப்பா சொன்னது நியாயம். ஆனால் பலகையைச் சட்டென்று நிறுத்தினால் அதுவே ஒரு செய்தி ஆகிவிடும் என்று தோன்றியது. அதனால் நிறுத்தாமல், ஆபத்தில்லாத நாடாகப் பார்த்து எழுதுவது என்று முடிவு செய்தேன். போலந்தைத் தொடவில்லை, கொரியாவைத் தொடவில்லை. மூன்று நாள் பிற நாட்டு வானிலை எழுதினேன். ரஷ்யாவில் பனி என்று படித்தபோது வரிசையில் இருந்தவர்கள் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். நாலாவது நாள் செய்தித்தாளில் சுவிட்சர்லாந்து கண்ணில் பட்டது. இதைவிடச் சாதுவான நாடு பூமியில் உண்டா? மலை, மாடு, பால். கலவரம் கிடையாது, டாங்கி கிடையாது, ஓடுவதற்கு அதிபர்கூடச் சொல்லும்படி கிடையாது.

நான் எழுதியது இதுதான்: ‘உலக நாடுகள் எல்லாம் கூடியிருக்கும் சபையில் நாமும் சேரலாமா என்று சுவிட்சர்லாந்து அரசு தன் மக்களையே கேட்டது. வேண்டாம் என்று மக்கள் ஓட்டுப் போட்டனர். அரசு கேட்டுக்கொண்டது. நமது கருத்து: அந்த நாட்டில் எதற்கும் மக்களைக் கேட்கிறார்கள்.’

படித்து முடித்ததும் அக்கா பால் சொம்பைக் கீழே வைத்தது.

“எதுக்குமா?”

“எதுக்கும்தாங்க.”

“லாரி எப்பக் கெளம்பணும்னு கேப்பாங்களா?”

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். செய்தித்தாளில் லாரியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். மாதா படத்துக்குப் பின்னால் இருக்கும் தபாலை நினைத்திருக்கலாம். ஆனால் முந்தின நாள் எங்கள் கேன் திரும்பி வந்திருந்தது. திரிந்த பாலை அப்பா ஒரு வார்த்தை பேசாமல் எருக்குழியில் ஊற்றினதைப் பார்த்திருந்தேன்.

“அங்க மாடு நெறைய இருக்கறதால, லாரியப் பத்தியும் கேக்கத்தாங்க செய்வாங்க” என்றேன். “அஞ்சு மணின்னா அஞ்சு மணிக்குக் கெளம்பிடுங்க.”

அதுதான் நான் தெரிந்தே சொன்னது. அதற்கு முன்பு சொன்னதெல்லாம் தெரியாமல் சொன்னது.

மறுநாள் சாயங்காலம் எருமை கறக்கத் தாமதமாகி, அப்பாவும் நானும் பால் சொம்போடு போனபோது லாரி வந்து நின்றிருந்தது. கேனெல்லாம் ஏறிவிட்டது. லாரிக்கு முன்னால் மாதா தெருப் பெண்கள் பதினைந்து பேர் வரிசையாக முட்டி போட்டு, கையில் ஜெபமாலையோடு “அருள் நிறைந்த மரியே” சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கவுண்டர் வீட்டுப் பெண்கள், ஜெபமாலை இல்லாததால் பால் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதே மாதிரி முட்டி போட்டிருந்தார்கள். லாரி டிரைவர் ராயக்கோட்டைப் பக்கத்துக் கன்னடக்காரர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி “ஏன்ரீ இது, ஏன்ரீ இது” என்று, அதாவது என்னங்க இது என்று, எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். செக்ரட்டரி அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு முதலில் உடம்பு சிலிர்த்தது. பிறகுதான் யோசித்தேன்.

“அக்கா, எதுக்குங்க முட்டி போட்டுருக்கறீங்க?”

“லாரி அஞ்சு மணிக்குக் கெளம்பணும். தலைவர் வூட்டுப் பாலுக்கு நிக்கக் கூடாது.”

“அப்ப ஏங்க லாரிக்கு முன்னாடி ஒக்காந்துருக்கறீங்க? நீங்க இப்படி ஒக்காந்தா லாரி எப்படிங்க கெளம்பும்?”

ஜெபம் நின்றது. பதினைந்து பேரும் லாரியைப் பார்த்தார்கள்.

“ஆமாங்க,” என்றார் டிரைவர் ஏக்கத்தோடு. “நானு ரெடி.”

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீதான தம்பி எழுதுன, முன்னாடி முட்டி போட்டாங்கன்னு? பின்னாடி போட்டாங்கன்னா எழுதுன?”

“அவங்க டாங்கிய நிக்க வைக்கறதுக்குப் போட்டாங்க. நமக்கு லாரி ஓடணுங்களே!”

“அத முன்னாலயே விவரமா எழுதறதுக்கு என்ன? படிச்சவன்னு பேரு.”

கொஞ்ச நேரம் குழப்பம். இப்படியே பேசிக்கொண்டிருந்தால் தலைவர் வீட்டுப் பாலே வந்துவிடும் போலிருந்தது. வந்தும் விட்டது. தூரத்தில், அவர் வீட்டுக் கறவையாள் சைக்கிளின் இரண்டு பக்கமும் கேனைக் கட்டி மிதித்துக்கொண்டு வருவது தெரிந்தது. அப்போது கவுண்டர் வீட்டம்மா ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: “நிக்க வைக்க வேண்டியது அதத்தான?”

அவ்வளவுதான். மொத்தப் பேரும் எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, முப்பது அடி ஓடி, சைக்கிள் வரும் வண்டித்தடத்தில் மறுபடி முட்டி போட்டார்கள். ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து பிடித்தார்கள். டிரைவர் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. ஹாரனை அழுத்தியபடி லாரி பாலக்கோட்டுப் பக்கம் பறந்தது. மணி ஐந்து பத்து. கறவையாள் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, தன் முன்னால் முட்டி போட்டிருக்கும் பெண்களைப் பார்த்துப் பயந்து, தானும் சிலுவை போட்டுக்கொண்டான்.

இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டேதான் ஏட்டு வந்து இறங்கினார். சைக்கிளில் வந்தவர், கையில் காக்கிப் பை, பைக்குள் என் பேர் எழுதிய காகிதம்.

“என்ன இது? யாரு செத்துட்டாங்க?”

யாரும் சாகவில்லை என்று நாலைந்து பேர் ஒரே சமயத்தில் விளக்கினார்கள். பிலிப்பைன்ஸில் இப்படித்தான் செய்தார்கள், அங்கே பலித்தது, இங்கேயும் பலித்துவிட்டது என்று. பிலிப்பைன்ஸை உங்களுக்கு யார் சொன்னது என்று ஏட்டு கேட்டார். மறைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெருமையோடு என்னைக் காட்டினார்கள். “எங்க தம்பிதாங்க. எல்லா நாடும் அத்துப்படி.” ஏட்டு காகிதத்தை எடுத்துப் பேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பேரைப் பார்த்தார். வரிசையின் கடைசியில் நின்ற அப்பாவின் கையிலிருந்த சொம்பில் பால் தளும்பிக் கீழே சிந்தியது.

லாரி போன சத்தம் கேட்டுத் தலைவர் வேகமாக வந்துகொண்டிருந்தார். தன் கேனைப் பார்த்தார். முட்டி போட்டிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு பலகைக்குப் போய்க் கண்ணாடியைப் போட்டுச் சுவிட்சர்லாந்தைப் படித்தார். படித்துவிட்டு அசையாமல் நின்றார். பெங்களூர்க் கல்யாணம், செருப்பு, தான் சிரித்த சிரிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குள் இறங்குவதைக் கழுத்துக்குப் பின்னாலிருந்தே பார்க்க முடிந்தது. திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

“நீங்கதான் தலைவருங்களா?” என்றார் ஏட்டு. “இந்தப் பையனுக்கு அரசாங்க வேல வந்துருக்குது. உங்க அபிப்பிராயம் எழுதணும். ஆளு எப்படி?”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவர் துண்டைப் பார்த்தேன். அவர் ஏட்டுப் பக்கம் திரும்பினார். எந்த ஊரில் வேலை என்று கேட்டார்.

“அரூருங்க.”

“அரூரா? அதவிடத் தூரமா எதுவும் இல்லீங்களா?”

“அது நம்ம கையில இல்லீங்க.”

“சரி, பரவால்ல. எழுதிக்கோங்க. பையன் தங்கம். பீடி கெடையாது, குடி கெடையாது. எப்பச் சேத்துக்குவாங்க? நாளைக்கே போலாமா?”

“அரசியல் ஏதாச்சும்?” என்று ஏட்டு பலகைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

“அதெல்லாம் வெளிநாட்டு அரசியலுங்க. இந்த ஊருல என்ன நடக்குதுன்னு அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பக்கத்து வூட்டுல தீப்புடிச்சாலும் அவன் பேப்பர்ல வந்தாத்தான் நம்புவான்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தெரியும் ஐயா, எல்லாம் தெரியும், லாரி ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியும், நேற்று தெரிந்துதான் சொன்னேன் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. படித்தவனை, பி.ஏ. பட்டம் வாங்கியவனை, ஊர் முன்னால் ஒன்றும் தெரியாதவன் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏற்றுகிறார்கள். ஏற்றினால்தான் வேலை. அப்பா தலையை ஆட்டவில்லை, சைகை செய்யவில்லை. சிந்தின பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏட்டு பலகையை உரக்கப் படித்தார். “எதற்கும் மக்களைக் கேட்கிறார்கள். ம். இது யாரப் பத்தித் தம்பி எழுதுன?”

“சுவிட்சர்லாந்தைப் பத்திங்க சார்.”

“வேற யாரையும் இல்லயே?”

“இல்லீங்க சார்.”

முதல் பதில் உண்மை. இரண்டாவது பொய். ஏட்டு இரண்டையும் ஒரே வரியில் எழுதிக்கொண்டார்: ‘உள்ளூர் விவகாரங்களில் ஈடுபாடு இல்லாதவர்.’ தலைவர் அதன் கீழே, பேனா முனை காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

ஏட்டு போனதும் அக்கா என் பக்கத்தில் வந்தது. திட்டப்போகிறது என்று நினைத்தேன். “உங்கப்பாவப் போயிப் பாரு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் சொம்பை எடுத்துக்கொண்டு போயிற்று. அப்பா எருமைக் கொட்டகையில் நின்றிருந்தார். நான் போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஈ தொல்ல” என்றார்.

அந்தக் கோடை முடியும்வரை லாரி ஐந்து மணிக்கே கிளம்பியது. தலைவர் வீட்டுக் கறவையாளுக்கு டீ கறந்த பிறகுதான். மழை வந்து வெயில் தணிந்த பிறகு லாரி மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக நிற்க ஆரம்பித்தது என்று அப்பா சொன்னார். அப்போது பால் திரியவில்லை, அதனால் யாரும் முட்டி போடவில்லை. தலைவர் இன்னமும் தலைவர்தான். பலகையில் இப்போது பால் ஊற்றும் நேரம் மட்டும் இருக்கிறது.

நான் அரூருக்குக் கிளம்பிய காலையில் பஸ் ஏற்றிவிட அப்பாவோடு பாதித் தெருவும் வந்தது. தலைவரும் வந்தார். பெட்டியைத் தானே வாங்கிப் பஸ்ஸுக்குள் வைத்தார், நான் சீக்கிரம் போக வேண்டும் என்கிற அக்கறையில். பிறகு ஜன்னல் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, நீ போற எடத்துல சும்மா இருக்க மாட்ட. எதையாச்சும் எழுதுவ. அது உன் எஷ்டம். ஆனா எந்த ஊருன்னு கேட்டா எங்க ஊரு பேரச் சொல்லிராத.”

சரிங்க என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் இதிலும் எழுதவில்லை.